ரிட்டன் வராத லைன் கிளியர்

தென்காசி
14.7.2024

அன்புள்ள தங்கை யோகலட்சுமிக்கு,

அண்ணன் குத்தாலிங்கம் எழுதுகிறேன். நானும் உன் மதினியும் இங்கே சுகமாக இருக்கிறோம். மாப்பிள்ளையின் முழங்கால் வலி தணிந்ததா, உன் காதுக் கருவி இப்போதாவது ஒத்துழைக்கிறதா என்று எழுது. புனேயிலும் மழை பிடித்திருக்கும். பையன் சுபாஷ் வேலையிலிருந்து நனையாமல் வந்து சேருகிறானா?

போனில் உனக்குக் கேட்பதில்லை, எனக்குச் சத்தமாகப் பேச வருவதில்லை. ஆகையால் நமக்குக் கடிதமே சரி.

இங்கே சீசன் நன்றாகத் தொடங்கிவிட்டது. எங்கள் துணைமின் நிலையத்தின் ஜன்னலைத் திறந்தால் சாரல் மேசை வரைக்கும் வருகிறது. காற்று பலமாக அடிப்பதால் கிளைகள் கம்பிமேல் விழுந்தபடி இருக்கின்றன. குற்றாலத்தில் லாட்ஜுகள் எல்லாம் நிரம்பியிருப்பதால் பத்து நிமிஷம் மின்சாரம் போனாலும் போன் அடித்து வைகிறார்கள். எனக்கு இதுதான் கடைசி சீசன். வருகிற மே மாதத்தோடு பணி முடிகிறது. அதற்குப் பிறகு நானும் உன் மதினியும் புனே வந்து ஒரு மாதம் தங்கலாம் என்று இருக்கிறோம். உங்களுக்குச் சிரமம் இருந்தால் தயங்காமல் சொல்.

போன வாரம் எங்கள் பிரிவில் மணிமுத்து என்கிற வயர்மேனுக்குச் சிறிய விபத்து. கம்பத்தில் இருக்கும்போது மின்சாரம் தாக்கிவிட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இருக்கிறான். உயிருக்கு ஆபத்தில்லை. அந்நேரம் துணைமின் நிலையத்தில் பணியில் இருந்த ஆபரேட்டர் நான். என் பேரில் குறை ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

நீ வெளியே கிளம்பும்போது கேஸை அணைத்தாயா என்று எத்தனை முறை பார்ப்பாய்? சும்மா கேட்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன் அண்ணன்,
குத்தாலிங்கம்


புனே
30.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

யோகா வணங்கி எழுதுவது. உங்கள் கடிதம் மழையில் நனைந்து வந்தாலும் எழுத்து அழியவில்லை. நாங்கள் சுகம். உங்க மாப்பிள்ளை முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னால் ஓடுகிறார். ஓட முடிகிறதே, அப்புறம் என்ன வலி என்று விட்டுவிட்டேன். மதினிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது?

புனே வருவதற்குச் சிரமமா என்று தங்கச்சியிடம் கேட்கிற அண்ணன் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான். ஒரு மாசம் என்ன கணக்கு? வந்து இருங்கள்.

அண்ணே, ஒன்று கேட்கிறேன். ‘சிறிய விபத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘சிறிய’ என்பதை அடித்து, அதற்கு மேலேயே மறுபடியும் ‘சிறிய’ என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூட நோட்டில்கூட அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினவர் நீங்கள். என்ன நடந்தது?

கேஸை நான் ஒரு தடவை பார்ப்பேன். உங்க மாப்பிள்ளை அதுவும் பார்க்க மாட்டார். நீங்கள் எத்தனை தடவை பார்க்கிறீர்கள்?

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
யோகா


தென்காசி
18.8.2024

அன்புள்ள யோகாவுக்கு,

நலமாக இருக்கிறோம். உன் மதினிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இட்லியைக் குறைத்துவிட்டாள், என் இட்லியையும் சேர்த்து.

நீ கேட்டதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எங்கள் வேலையில் ‘லைன் கிளியர்’ என்று ஒன்று உண்டு. எல்சி என்போம். கம்பத்தில் ஏற வேண்டிய ஆள் போனில் என்னைக் கேட்பார். நான் அந்தப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தை அணைத்து, ஸ்விட்சைப் பூட்டி, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்ற பலகையை அதில் தொங்கவிட்டு, ‘எல்சி கொடுத்தாச்சு’ என்று சொல்வேன். அதன் பிறகுதான் அவர் ஏறுவார். வேலை முடிந்து எல்லாரும் இறங்கியதும், எல்சி எடுத்த அதே ஆள் தன் வாயால் ‘எல்சி ரிட்டன்’ என்று சொல்ல வேண்டும். அதுவரை முதலமைச்சரே வந்து கேட்டாலும் மின்சாரம் விடக்கூடாது.

அன்று ஐந்தருவி ரோட்டில் கிளை விழுந்திருந்தது. மணிமுத்து எல்சி எடுத்தான். முறைப்படி கொடுத்தேன். அவன் கம்பத்தில் ஏறி, பாதுகாப்புக்கான எர்த் கம்பியை மாட்டப்போன நேரத்தில் பக்கத்து லாட்ஜின் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்திருக்கிறது. அந்த லாட்ஜில் செய்திருக்க வேண்டிய தடுப்பு ஏற்பாட்டைச் செய்யாமல் விட்டிருந்தார்கள். ஜெனரேட்டர் மின்சாரம் எங்கள் கம்பிக்குள் எதிர்த்து வந்துவிட்டது. அவனுடைய இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இனிமேல் கம்பம் ஏற முடியாது. வயது முப்பத்தொன்று.

விசாரணை முடிந்துவிட்டது. தவறு லாட்ஜுடையது. நான் செய்தது எல்லாம் சரி என்று எழுதிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் அதையே சொல்கிறார்கள்.

பணி முடிந்து பஸ் ஸ்டாப் வரை வந்தபின், ஸ்விட்சைப் பூட்டினேனா என்று பார்க்க மறுபடியும் உள்ளே போகிறேன். சில நாள் பஸ் போய்விடுகிறது. எங்கள் உதவியாளர் ஒருவர், “என்ன சார், ஊருக்கே குத்தாலம் இங்கனதான் இருக்கு. நாலு நாளு போயித் தலைய நனைச்சா எல்லாம் தெளிஞ்சிரும்” என்றார். அருவியில் குளித்தால் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கேலி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேறு விசேஷம் இல்லை. கவலைப்படாதே.

அன்புடன்,
குத்தாலிங்கம்


புனே
10.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நான் எழுதின இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. தபால்காரரைச் சந்தேகப்பட்டு அவரோடு சண்டையும் போட்டாயிற்று. பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் காது கேட்காது. இரண்டு பேரும் நன்றாகவே போட்டோம்.

வாட்ஸாப்பில் என்ன கேட்டாலும் கட்டைவிரல் படம் அனுப்புகிறீர்கள். நேற்று, ‘சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, வேலைக்குப் போகிறீர்களா?’ என்று மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டைவிரல்.

தீபாவளிக்கு முன்பாக இரண்டு வரி எழுதுங்கள்.

யோகா


தென்காசி
19.10.2024

அன்புள்ள யோகாவுக்கு,

மதினி இராமலட்சுமி எழுதுவது. எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள். நீயும் தம்பியும் சுபாஷும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உங்க அண்ணன் மெடிக்கல் லீவில் இருக்கிறார். வேலையில் போன் மணி அடித்தால் எடுக்காமல் திடுக்கிட்டு நிற்கிறாராம். வீட்டிலும் அப்படித்தான். பால்காரர் பெல் அடித்தால்கூட எழுந்து நின்றுவிடுகிறார். தூக்கம் இல்லை. வெளிக்கதவைப் பூட்டிவிட்டு வந்து உட்காருவார், மறுபடியும் எழுந்து போவார். “ஏங்க, நான்தான் பார்த்துட்டேனே” என்று சொன்னால், “நீ பார்த்தா போதாது லெட்சுமி, பூட்டினவன்தான் பார்க்கணும்” என்கிறார்.

ஓய்வுக்கு ஏழு மாதம்தான் பாக்கி. அதற்குள் விருப்ப ஓய்வு கேட்டு எழுதிவைத்திருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. பின்வாசல் கிணற்றடியில் தனியாகப் போய் நிற்கிறார். என்ன செய்யுதீய என்று கேட்டால் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்தேன் என்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை, யோகா. கிணற்றுக்கு இரும்பு வலை போடச் சொல்லி ஆள் பிடித்து, அன்றைக்கே போட்டுவிட்டேன். காக்கா குச்சி போடுகிறது என்று அவரிடம் சொன்னேன்.

நான் எழுதினதை அவரிடம் சொல்லாதே. சேக் மைதீன் என்று அவர்கள் ஆபீஸ் லைன் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் இருக்கிறார். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தம் போட்டுப் பேசுவார். அவர் இரண்டு தடவை வந்து கேட்டார். இவர் தூங்குகிறார் என்று சொல்லச் சொல்லிவிட்டார்.

உன் மதினி,
இராமலட்சுமி


புனே
27.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளி வாழ்த்து. நாங்கள் எல்லாரும் சுகம். பட்சணம் அனுப்பியிருக்கிறேன். மதினிக்கு இரண்டு, உங்களுக்கு மீதி.

என் கதை ஒன்று சொல்கிறேன். எனக்குக் காது மங்க ஆரம்பித்ததை ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. நர்சரி பள்ளியில் பிள்ளைகள் பேசினால் சும்மா தலையாட்டுவேன். ஒரு பிள்ளை, “டீச்சர், எனக்கு வயிறு வலிக்குது” என்று சொல்லியிருக்கிறது. நான் சிரித்துக்கொண்டே “வெரி குட்” என்றேன். பக்கத்து வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டாள். யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. மறுநாள் தன்னுடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வகுப்பு வாசலில் போட்டு உட்கார்ந்தாள். “எனக்கு இங்கே காற்று நன்றாக வருகிறது” என்றாள். ஒரு வாரம் காற்று வாங்கினாள். பிறகு நானே அவளோடு டாக்டரிடம் போனேன்.

ஆகவே, அண்ணே, யாராவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் எனக்கு ஒரு பதில் எழுதிவிட்டுப் போடுங்கள். ஒரு தடவையாவது என் பேச்சைக் கேளுங்கள். எனக்குத்தான் காது கேட்காது, உங்களுக்கு என்ன?

யோகா


தென்காசி
15.12.2024

அன்புள்ள யோகாவுக்கு,

உன் கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். எல்லாரும் நலமா? இங்கே உன் மதினி நலம். நானும் நலம் என்று வழக்கம்போல் எழுதப் பேனாவை எடுத்தேன். பாதி நலம் என்று எழுதுவதுதான் சரி.

சேக் மைதீன் மூன்றாம் முறை வந்தபோது நானே கதவைத் திறந்தேன். எங்கள் அலுவலகங்களில் புதிதாக ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. ஊழியர்களிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்து, மனநல டாக்டர்களிடம் பயிற்சி கொடுத்து, ‘துணைத் தோழர்’ என்று வைத்திருக்கிறார்கள். வேலையில் மனம் உடைந்தவர்களோடு கூட இருப்பது அவர்கள் பொறுப்பு. எங்கள் பிரிவுக்குச் சேக் மைதீன். கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. அவர் ரகசியம் பேசினாலே மேலகரம் வரை கேட்கும்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அண்ணாச்சி, நா புத்தி சொல்ல வரல. பேசுததுக்கு இவனுக்கு ட்ரெய்னிங் வேண்டாம்னுட்டு, கேக்கதுக்கு மட்டும் குடுத்து அனுப்பிருக்காவ. ஃபைல்ல ஏறாது, இன்ஜினியர்கிட்ட போவாது. எம் பொஞ்சாதிகிட்ட கூடச் சொல்ல மாட்டேன், அவ கேட்டுக்கிட்டேதான் இருக்கா. மதினி, காப்பிக்குச் சீனி தாராளமாப் போடுங்க.”

ஒரு மாதம் இப்படியே வந்தார். காப்பி குடிப்பார். கிரிக்கெட் பேசுவார். நான் வாய் திறக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, “வாங்க, குளிச்சிட்டு வருவோம்” என்று ஐந்தருவிக்கு அழைத்துப் போனார். எனக்கு அந்த ரோட்டைப் பார்க்கவே தெம்பில்லை. அந்தக் கம்பத்தைத் தாண்டும்போது ஸ்கூட்டரில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவர் வண்டியை வேகமாக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

அருவியில் மாலை போட்ட சாமிமார் கூட்டம். நல்ல தண்ணீர். கடைசியில் எல்லாரும் கேலி செய்தபடியே நானும் தலையை நனைத்தேன். அந்த இரைச்சலில் நான் பேசினால் எனக்கே கேட்காது என்று தெரிந்ததும் வாய் திறந்துகொண்டது. அவர் தன் காதை என் வாயருகே கொண்டுவந்தார்.

உனக்கும் எழுதாத விஷயம் இது. யோகா, அந்த ஜெனரேட்டர் தானாக ஓடும் வகை. மின்சாரம் நின்றால் சில நிமிஷத்தில் ஓடத் தொடங்கும். மின்சாரத்தை நிறுத்தியவன் நான். நான் ஏதாவது தவறு செய்திருந்தால் அந்தத் தவறைத் திருத்திக்கொண்டு வாழலாம். எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன், அதனாலேயே அவன் கை போயிற்று. இதைத்தான் சொன்னேன்.

‘உங்க மேல தப்பில்ல’ என்று அவரும் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. தலையைத் துவட்டிவிட்டு, “ஆமா அண்ணாச்சி. அப்படித்தான் நடந்துச்சு” என்றார். அவ்வளவுதான். ஜூலையிலிருந்து என்னிடம் ஆமாம் என்று சொன்ன முதல் மனிதர் அவர். அழுதேன். அருவியில் யார் அழுதாலும் தெரியாது.

திரும்பும்போது இன்னொன்றும் சொன்னேன். மணிமுத்துவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பிறகு அவனுக்குப் பதிலாக அதிகாரி ஒருவர் எல்சியை முடித்துவைத்தார். விதியில் அதற்கு இடம் உண்டு. ஆனால் என் மனதில் அந்தப் பலகை இன்னும் ஸ்விட்சில் தொங்குகிறது. எடுத்தவன் ரிட்டன் சொல்லவில்லை. அவன் இன்னும் கம்பத்தின் மேலேயே இருக்கிறான்.

விருப்ப ஓய்வுத் தாளைக் கிழித்துவிட்டேன். உனக்குப் பதில் எழுதிவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்றாய். கிழிப்பதற்கு அது பொருந்தாது என்று எடுத்துக்கொண்டேன்.

கடமைப்பட்ட அண்ணன்,
குத்தாலிங்கம்


புனே
4.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருஷம் உங்கள் இருவருக்கும் நல்லபடியாக அமையட்டும். நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை உங்க மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். முழங்கால் வலி என்றார்.

பாதி நலம் என்று எழுதினீர்களே, அதற்காகவே உங்களை ஒரு முறை கும்பிட வேண்டும். முழு நலம் என்ற உங்கள் பழைய கடிதங்களைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

சேக் மைதீன் அண்ணாச்சிக்கு இந்த ஊர்ப் பலகாரம் பாகர்வடி அனுப்பியிருக்கிறேன். காரம் என்றால் இது காரம். அவர் பேசாமல் இருக்க உதவும். டாக்டரிடம் போகச் சொன்னாரா? போனால் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

மணிமுத்து இப்போது எப்படி இருக்கிறான்? நீங்கள் போய்ப் பார்த்தீர்களா என்று மூன்று கடிதமாகத் தேடுகிறேன், ஒரு வரியும் இல்லை.

யோகா


தென்காசி
23.2.2025

அன்புள்ள யோகாவுக்கு,

மாப்பிள்ளைக்கும் உனக்கும் அன்பு. பாகர்வடியைச் சேக் மைதீன் ஒரே உட்காரலில் தின்றுவிட்டு, “ஒங்க தங்கச்சி எம்மேல என்ன கோவத்துல இருக்காவ?” என்று கேட்டார். நன்றி சொல்லச் சொன்னார்.

அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கிறேன். முதல் தடவை சேக் மைதீன் கூட வந்து வரிசையில் நின்றார். தெரிந்தவர் ஒருவர், “யாருக்கு உடம்புக்கு?” என்றதும், நான் வாய் திறப்பதற்குள் இவர், “எனக்குத்தான். பேச்ச நிறுத்த மாத்திரை வாங்க வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டார். டாக்டர் சின்ன வயதுப் பெண். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது. இந்த மாதம் முதல் பகல் பணிக்குப் போகிறேன், கூட இன்னொரு ஆபரேட்டர் இருக்கிறார். வெளியே வரும்போது இன்னும் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். பஸ் போவதில்லை, அந்த அளவுக்கு முன்னேற்றம்.

மணிமுத்து பிரிவு அலுவலகத்தில் புகார் போன் எடுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டான். நீ தேடிய வரி இதுதான்: நான் அவனைப் போய்ப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. அவன் குரல் போனில் வந்தால் ரிசீவரைக் கூட இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். பலகை விஷயத்தை அவனிடம் சொல்லட்டுமா என்று சேக் மைதீன் கேட்டார். “நீங்க சரின்னாத்தான். இல்லன்னா அது என்கூட மண்ணுக்குள்ள போவும்” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் கோழைதான், யோகா. ஆனால் கோழையோடு பொறுமையாக உட்கார ஆள் இருக்கிறது.

அன்புடன்,
குத்தாலிங்கம்


தென்காசி
1.6.2025

அன்புள்ள யோகாவுக்கு,

நேற்று பணி ஓய்வு பெற்றேன். உடம்பு நன்றாக இருக்கிறது. உன் மதினி பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு நாட்டு எண்ணெய் ஒரு பாட்டில் வருகிறது, இந்த முறை ஓட முடியாது என்று சொல்.

ஏப்ரல் மாதம் ஒருநாள், காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, “அந்தப் பலகை விஷயத்தை மணிமுத்துவிடம் சொல்லலாம்” என்று சேக் மைதீனிடம் சொல்லிவிட்டேன். ஏன் அன்றைக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அவன் என்ன நினைத்தானோ, சொல்லாமலே விட்டிருக்கலாமோ என்று பல நாள் யோசித்தேன்.

நேற்று ஐந்தருவி ரோட்டில் சீசனுக்கு முந்திய பராமரிப்பு வேலை. சேக் மைதீன் எல்சி எடுத்தார். வேலை முடிந்து அவரே ரிட்டன் சொன்னார். மின்சாரம் விட்டேன். என் கடைசி எல்சி அதுதான் என்று எழுந்தேன். மறுபடியும் போன் அடித்தது. கூட இருந்தவர் டீ வாங்கப் போயிருந்தார். நான்தான் எடுக்க வேண்டும்.

“மணிமுத்து பேசுதேன் அண்ணாச்சி. ஐந்தருவி ரோட்டுல, அந்தக் கம்பத்துக்குக் கீழ நிக்கேன்.”

ரிசீவரைக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

“லைன்ல இருக்கியளா? எல்சி எடுத்தவந்தானே ரிட்டன் குடுக்கணும்? போன வருசம் எடுத்தது, லேட்டாயிட்டு. இன்னைக்கு விட்டா நீங்க ரிட்டயர் ஆயிருவிய. வாங்கிக்கிடுதியளா?”

எனக்குத் தெரிந்தது முறை ஒன்றுதான். முறைப்படி கேட்டேன். “எல்லாரும் இறங்கியாச்சா?”

“ஏறுனது நா ஒருத்தன். எறங்கியாச்சு அண்ணாச்சி. தரையிலதான் நிக்கேன்.”

“கம்பியில் ஏதும் கிடக்கிறதா?”

“ரெண்டு வெரலு கெடந்துச்சு. அதையும் எடுத்தாச்சு.”

பின்னாலிருந்து சேக் மைதீன் குரல் வெடித்தது. “ஏலே, அண்ணாச்சிகிட்ட பேசுத பேச்சால இது!” அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பத்து வருஷமாக எல்சி கேட்கிறான், வேலை தவிர நாங்கள் ஒன்றும் பேசியதில்லை.

பிறகு அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, அலுவலகக் குரலில் சொன்னான். “மணிமுத்து. ஐந்தருவி ரோடு. எல்சி ரிட்டன்.”

“எல்சி ரிட்டன் பெற்றுக்கொண்டேன்” என்றேன். ஒரு வார்த்தை விடாமல் முழுவதும் சொன்னேன். இதையெல்லாம் பதிவேட்டில் எழுத விதி இல்லை. எழுதவில்லை. போனை வைத்தபின் ஸ்விட்ச் பக்கம் போனேன். சேக் மைதீனின் எல்சிக்காக நான் மாட்டிய பலகையை ஏற்கனவே எடுத்து மேசைமேல் வைத்திருந்தேன். அதைத் துணியால் துடைத்து, அதன் ஆணியில் மாட்டினேன்.

மாலையில் எல்லாரும் மாலை போட வந்தார்கள். மணிமுத்துவும் வந்தான். மாலையின் ஒரு பக்கத்தை அவன் இடது கையால் பிடித்திருந்தான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். போட்டோவில் இரண்டு பேரும் விறைப்பாக இருக்கிறோம். கொண்டுவந்து காட்டுகிறேன்.

யாருக்கு நன்றி சொல்வது என்று வரிசைப்படுத்தப் பார்த்தேன். உன்னுடைய நாற்காலி டீச்சரில் தொடங்க வேண்டும் போலிருக்கிறது. கிணற்று வலை போட்ட உன் மதினியையும் சேர்க்க வேண்டும். காக்கா குச்சி போடவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

சாவியை அடுத்த ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். பஸ் வர நேரம் இருந்தது. திரும்பிப் போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

பத்தாம் தேதி கிளம்புகிறோம். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று எழுத நினைத்தேன். வா.

உன் அண்ணன்,
குத்தாலிங்கம்